அம்மா வாசித்த பல்கலைக்கழகப் புத்தகம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு மழைக்காலம் முழுக்க, எங்கள் வீட்டில் எனக்குப் பேச்சுரிமை பறிக்கப்பட்டிருந்தது. சாயங்காலம் ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. தும்மக் கூடாது. தட்டை நகர்த்தக் கூடாது. இத்தனைக்கும் காரணம், எங்கள் மலையிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் போனால் வருகிற, பாலக்காட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகம். அதைக் கண்ணால் பார்க்காமலே அதன் மேல் எனக்கு அப்படியொரு கோபம். பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். வீட்டிலும் பேசக் கூடாது என்றால் எங்கேதான் போவேன்?

வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்குத்தான் அந்தப் பெயர். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் இருமுவோம். நாங்கள் சண்டை போட்டால் அவர்கள் அங்கிருந்தே நியாயம் சொல்வார்கள். அம்மா கொழுந்து எடுக்கப் போவாள், அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால், நூலகம் மாணவர்களுக்கு அனுப்பும் செய்திகளைப் போனை விட்டு வாசிக்க வைப்பார். போனுக்குள் ஒரு பெண் மூச்சே விடாமல் ஆங்கிலத்தில் வாசிப்பாள். மாமா அதை எங்களுக்குத் தமிழில் சொல்வார். இனி ஞாயிற்றுக்கிழமையும் நூலகம் திறந்திருக்கும். புதிதாக வந்த புத்தகங்கள் முன்வாசல் அலமாரியில் இருக்கின்றன. வாசிப்பறையில் யாரோ நீலக் குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வந்து பெற்றுக்கொள்ளவும். அந்தக் குடைக்காரர் வந்தாரா என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் விசாரிப்பது என் வேலை. வரவே இல்லை. இந்த மழையில் குடை இல்லாமல் எப்படி இருக்கிறாரோ என்று எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

போனுக்குள் இருந்த பெண்ணுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பழைய தமிழ்ப் புத்தகத்தின் பக்கத்தைப் படம் பிடித்துக் காட்டினால் உளறுவாள். மாமாவுக்கு வந்த சங்கடம் அதுதான். அவருடைய ஒரு தாளுக்கு முழுக்க முழுக்க ஒரே புத்தகம். தமிழ் மொழியின் வரலாறு, பழைய அச்சு, தலையணை கனம். விடுதியில் ஒரு நண்பர் அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பாதியில் அவருக்கு வேலை கிடைத்து, ஊருக்குப் போய்விட்டார். மாமா அரைப் புத்தகத்தோடு பரீட்சைக்குப் போனார், தோற்றார்.

அம்மாவுக்கு ஓர் அண்ணனும் உண்டு. பெரிய மாமாவுக்கு வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டில் லாட்டரிக் கடை. மைக் வைத்துக் கூவி விற்பார். அவர் குரல் கேட்டால் பஸ்ஸுக்குள் தூங்குகிறவர்கள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். தம்பி என்றால் அவருக்கு உயிர். அதனால்தான், தம்பி தெரியாத ஊரில் தட்டித் தடவி அலைவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்டாண்டின் மறுவாசலில் தம்பிக்காக ஒரு கடைக்கு இடம் பேசி வைத்தார். இன்னொரு முறை எழுதிப் பார்க்கட்டும், அதிலும் தோற்றால் படித்தது போதும், வந்து கடையில் உட்கார வேண்டும் என்று பேச்சு. மாமாவும் சரியென்றுவிட்டார். அம்மாவிடம் மட்டும் அடுப்படியில் வைத்துச் சொன்னார்.

"லாட்டரி விக்கிறது ஒண்ணும் கொறச்சல் இல்லக்கா. அண்ணன் அத வித்துத்தான என்னய வளத்துச்சு. ஆனா எனக்குப் பாடம் நடத்தணும்க்கா. பிள்ளைங்க முன்னாடி நின்னு பாடம் நடத்தணும்."

அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

அந்தச் சமயத்தில்தான் நூலகச் செய்தியில் புதிதாக ஒன்று வந்தது. பார்வையற்ற மாணவர்களுக்கு ஒலிப்பதிவு மிஷின் இரவல் தருவார்களாம். யாரையாவது வாசிக்கச் சொல்லிப் பதிந்து கொண்டுவரலாமாம். பதிவு நன்றாக இருந்தால் மற்ற மாணவர்களுக்காகவும் நூலகம் எடுத்து வைத்துக்கொள்ளுமாம். மாமா பரீட்சை விடுமுறைக்கு வந்தபோது பையில் அந்தத் தலையணைப் புத்தகமும், சோப்புப் பெட்டி அளவில் ஒரு மிஷினும் இருந்தன. வேறு சத்தம் எதுவும் விழக் கூடாது, புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தையும் சேரக் கூடாது என்று நூலகத்து மேடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

யார் வாசிப்பது? அப்பா மலையாளம் படித்தவர். நான் படித்துக்கொண்டிருந்ததும் மலையாளப் பள்ளிக்கூடம். வீட்டில் தமிழ் சரளமாக வாசிக்கத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பைபிள் வாசகம் வாசிப்பவள் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, வாசிக்கிற அன்றைக்கு மட்டும் கட்டுவதற்கென்று ஒரு சேலையும் உண்டு.

தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆகவே மழை விட்ட நேரம் பார்த்து, அம்மா மலையிலிருந்து வந்து சமைத்து முடித்த பிறகு, மிஷினில் சிவப்பு விளக்கு எரியும். தட்டுச் சத்தம் விழும் என்பதால் பாடம் முடிந்த பிறகுதான் சோறு. பக்கத்து வீட்டில் டிவியை அணைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். அவர்களும் பெரிய மனசு பண்ணி அணைத்தார்கள்.

அம்மாவுக்குத் தெரிந்த வாசிப்பு ஒன்றுதான். முதுகை நிமிர்த்தி, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, எதிரே சனம் உட்கார்ந்திருப்பதுபோல் தலையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்து வாசித்தாள். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் புனிதர்களைப்போல எங்கள் வீட்டுக்குள் எழுந்தருளின. நான் பசியோடு சுவரில் சாய்ந்து கிடந்தேன். முதல் பாடம் ஒருவழியாக முடிந்தது. அம்மா புத்தகத்தை மெல்ல மூடி, சற்றே குரலைத் தாழ்த்தி, பூசையில் வாசகத்தின் முடிவில் சொல்வதைத் தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

"ஆண்டவரின் அருள்வாக்கு."

பழக்கம் யாரை விட்டது! "இறைவா, உமக்கு நன்றி" என்று அப்பாவும் நானும் பூசையில் பதில் சொல்வதுபோலவே சேர்ந்து சொன்னோம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, டிவி இல்லாமல் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக் குடும்பமும் சொன்னது.

மாமா சிரித்த சிரிப்பில் பாயிலிருந்து உருண்டே போனார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாடப் புத்தகத்துக்குப் போய் அதைச் சொல்லிவிட்டோமே, பாவமாச்சே என்று அவளுக்கு ஒரே பதைப்பு. அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொன்னாளாம். சாமியார் மன்னிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருமினாராம். அது இருமல்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அடுத்த பாடம் முடிந்தபோது அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். நாங்களும் சும்மா இருந்தோம். மாமா காத்திருந்து பார்த்தார்.

"முடிஞ்சிருச்சாக்கா? பக்கம் தீந்துச்சா, மிஷின் நின்னுபோச்சான்னு தெரியலயே. கண்ணு உள்ளவங்களுக்கு அடியில வெள்ளையா இடம் தெரியும், எங்களுக்கு என்ன தெரியும்? நீ அதையே சொல்லிரு."

"லைப்ரரில வைவாங்கடா."

"வையட்டும். நான் வாங்கிக்கிடுதேன்."

அப்படித்தான் அது நிலைத்தது. பாடம் முடிந்ததற்கு அடையாளம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அம்மா சொன்னாள். நாங்கள் நன்றி சொன்னோம். எல்லாரையும்விட உரக்கச் சொன்னது நான்தான். அதைச் சொல்லி முடித்தால் வாய்ப்பூட்டு கழன்றுவிடும், சோறு வந்துவிடும். எனக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு நாள் பெரிய மாமா சொட்டச் சொட்ட நனைந்து வந்து வாசலில் நின்றார். மறுவாசல் கடைக்கு இடம் உறுதியாகிவிட்டதைச் சொல்ல வந்திருந்தார். வாயைத் திறந்தார். அம்மா வாசிப்பை நிறுத்தாமலே உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரிய மாமாவின் வாயை ஒருத்தர் அடைத்ததை அன்றைக்குப் பார்த்தேன். அவர் நின்றபடியே கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்ற தங்கை வாசிக்க, தம்பி கன்னத்தில் கை வைத்து உதடு அசைய அசைய மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். பாடம் முடிந்ததும் பெரிய மாமா தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு எங்களோடு சேர்ந்து நன்றி சொன்னார். பிறகு பால் விடாத கட்டஞ்சாயா குடித்தார். கடைப் பேச்சை எடுக்காமலே போய்விட்டார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மாவின் தொண்டை கட்டிப்போனது. பகலெல்லாம் மழையில் நனைந்து கொழுந்து எடுத்துவிட்டுச் சாயங்காலம் வாசித்தால் தொண்டை என்ன இரும்பா? காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. கடைசிப் பாடம் பாக்கி. போன முறை மாமா தோற்றதே கேள்விகள் அந்தப் பகுதியிலிருந்து வந்ததால்தான். நான் வாசித்துப் பார்த்தேன், ஒரு வரிக்கே எனக்கு வியர்த்துவிட்டது. அப்பா வாசித்தது எந்த மொழி என்று அவருக்கே தெரியவில்லை. அம்மா கசாயத்தைக் குடித்துக் குடித்து அழுதாள். பரவாயில்லைக்கா, இவ்வளவு போதும் என்று மாமா சொன்னார். போதாது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது.

யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாள் பெரிய மாமா கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு வந்தார். கைகால் கழுவினார், கண்ணாடியை மாட்டினார், புத்தகத்தை வாங்கினார்.

"எங்கருந்துடா வாசிக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

அவருக்கும் தெரிந்த வாசிப்பு ஒன்றுதான். மைக் இல்லாமலே ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தார். நூற்றாண்டுகளைக் குலுக்கல் முடிவு மாதிரி இழுத்து இழுத்து அறிவித்தார். கல்வெட்டுகளைப் பம்பர் பரிசு மாதிரி கூவினார். மாமா ஒரு வார்த்தை தவறவிடவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர் முகம் முழுக்க ஈரமாக இருந்தது. கடைசி வரி வந்ததும் பெரிய மாமா நிறுத்தி, அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு அதைச் சொல்லி முடித்தார். அன்று லயத்தின் கடைசி வீடு வரைக்கும் நன்றி கேட்டது.

மாமா பாஸானார். பதிவைக் கேட்ட நூலகத்து மேடம், கூடுதலாக விழுந்த வார்த்தைகளை வெட்டிவிடட்டுமா என்று கேட்டாராம். மாமா வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். மேடமும் விட்டுவிட்டார். அடுத்த செய்தியில் போன் பெண் வழக்கம்போல மூச்சு விடாமல், தமிழ் மொழி வரலாறு ஒலிநூலாக வந்திருக்கிறது, வாசித்தவர்கள் ஒரு குடும்பத்தினர் என்று சொன்னாள். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள், அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. மறுவாசல் கடை வேறொருவருக்குப் போனது. மாமா இன்று பீர்மேட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர்.

நான் அப்புறம் தமிழ் எழுத்துக்கூட்டிப் படித்து, அதிலேயே ஊறி, இந்த வருடம் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறேன். போன மாதம் என் போனுக்கும் நூலகச் செய்தி வந்தது. ஒலிநூல் பிரிவுக்குத் தமிழ் வாசிக்க ஆட்கள் தேவை என்றிருந்தது. வாயாடிக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? போனேன். அங்கே காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார் பாலக்காட்டு நல்லேப்பிள்ளிப் பக்கத்து மாணவர் ஒருவர். வீட்டில் நெல் விவசாயமாம். அவருக்கும் கண் தெரியாது. புதிதாக வாசிக்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும், இதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள் என்று ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். ஒரு காதில் வைத்தேன். அம்மா வாசித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"ஏனுங்க, இதுல பாடம் முடிஞ்சா ஊடு முழுக்கச் சேந்து நன்றி சொல்லுமுங்க. அதுல ஒரு சின்னப் புள்ள இருக்குதுங்க. அத்தன சந்தோசமாச் சொல்லும். போன வருசம் பெயிலாயி, படிச்சது போதும், ஊட்டுக்கே போயர்லாம்னு இருந்தனுங்க. பாடத்தக் கேட்டு முடிச்சா அந்தப் புள்ள கொரலு வருமில்லீங்க? அதுக்காவவே ஒவ்வொண்ணா முடிச்சுப்போட்டனுங்க."

நான் உள்ளதைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்கு அப்பப் பயங்கரப் பசிங்க. சொன்னாத்தான் சோறு போடுவாங்க."

அவர் சட்டென்று முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். பிறகு மெல்லச் சிரித்தார்.

என் காதில் பாடம் முடிந்தது. அப்பா சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார்கள், எல்லாருக்கும் மேலே ஒரு சிறுமி கத்தினாள். மாமா பாஸாக வேண்டும், தனக்குச் சோறு வர வேண்டும், இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அந்த நடுச்சுவருக்கு அப்பால் பக்கத்து வீடு மட்டும்தான் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.