மஞ்சள் பூசிய மோரிஸ்

காளியண்ணன் தன் காரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் குனிந்து முன்விளக்கின் மேல் 'ஹா' என்று ஊதுவார். கண்ணாடியில் ஆவி படியும். தோள் துண்டின் நுனியை விரலில் சுற்றி, நடுவிலிருந்து வட்டம் வட்டமாகத் துடைப்பார். பிறகு அதே கண்ணாடியில் பார்த்து மீசையின் ஒரு பக்கத்தை நீவுவார். மறுபக்கத்துக்கு அடுத்த விளக்கு. ஒரு மீசைக்கு இரண்டு விளக்கு தேவைப்பட்ட மனிதர் எங்கள் எஸ்டேட்டில் அவர் ஒருவர்தான்.

தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுவது அவர் வேலை. ஊர் மாறிப் போன எஸ்டேட் கணக்கர், கிராணி ஒருவர் தள்ளிவிட்டுப் போன பழைய மோரிஸ் மைனர்தான் அவர் உயிர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அவருக்கு இருந்தது ஒரே ஆசை: எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கல்யாணப் பெண் ஒருத்தியாவது அதில் ஏறிக் கோயிலுக்குப் போக வேண்டும். ஆனால் ரிங்லெட் டவுன் ராஜுவிடம் பளபளப்பான டட்சன் கார் இருந்தது. எல்லாப் பெண்களும் அதில்தான் போனார்கள்.

சின்னையா மகள் ஜெயாவுக்குக் கல்யாணம் கூடியதும் காளியண்ணன் முதல் ஆளாகப் போய் நின்றார். ஜெயாவின் அம்மா இராசம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்க காரு செத்த மீனாட்டம் முழிக்குது. கல்யாணத்துக்கு ஆவாதுலா."

வேறு ஆளாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். இவர் காரின் கண்ணை மாற்றக் கிளம்பிவிட்டார். பிஸ்கட் தகரத்தை வெட்டி, கறுப்படித்து, விளக்குகளின் மேல்பாதியில் இமையாகப் பொருத்தினார். காருக்குத் தூக்கம் வந்ததுதான் மிச்சம். வொர்க்‌ஷாப் காலண்டரில் பார்த்த பந்தயக் காருக்கு மஞ்சள் விளக்கு. மஞ்சள் கண்ணாடிக்கு மலையில் எங்கே போவது? தச்சர்கள் மேசைக்குப் பூசும் ஸ்பிரிட் வார்னிஷில் சமையல் மஞ்சள்தூளைக் குழைத்து விளக்குக்கு அடித்தார். அவர் மனைவி நீலாவதி அன்றைக்கு மஞ்சளே இல்லாமல் ஒரு வெளுத்த மீன்குழம்பை வைத்துத் தன் கருத்தைத் தெரிவித்தாள்.

இராசம்மா மட்டும் சொக்கிப் போனாள். மஞ்சள் பூசிக் குளித்த பெண்ணின் முகம் மாதிரியே இருக்கிறதாம். ராஜுவுக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கல்யாணக் காலையில் காளியண்ணன் தானும் தலைக்குக் குளித்துக் காரையும் குளிப்பாட்டினார். துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரத்தை நுரை பொங்கத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினால், விளக்கு இரண்டும் செக்கச்சிவப்பு. ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் சுண்ணாம்பு பட்ட மஞ்சள் என்ன ஆகும் என்று தெரியும். சவர்க்காரமும் அதையே செய்யும் என்பது நீலாவதிக்குத் தெரியும். அவர்தான் அவளிடம் கேட்கவில்லை. பதறி இன்னும் தேய்த்தார், இன்னும் சிவந்தது. நேரமாகிவிட்டதால் அப்படியே மாலையைக் கட்டி ஓட்டி வந்தார்.

அரைக்கண் மூடிய இமை, உள்ளே சிவந்த விழி. மூன்று நாள் கள்ளுக்கடையிலேயே கிடந்துவிட்டு நேராகக் கல்யாணத்துக்கு வந்த சித்தப்பாவைப் போல மோரிஸ் வாசலில் நின்றது. நாதஸ்வரக்காரர் சிரித்ததில் வாசிப்பு நின்றது. காருக்குள் முனியாண்டி இறங்கிவிட்டார், சேவல் கேட்பார் என்று பக்கத்து வீட்டு மாடசாமி ஆரம்பித்தார். இராசம்மா ராஜுவை அழைத்துவர மோட்டார் சைக்கிளில் ஆளை ஏற்றினாள். காளியண்ணன் ஈரத் துண்டோடு பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெயா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"ஆரத்தி நெறம்தானம்மா அது. காரு தனக்குத்தானே சுத்திக்கிச்சு. மாமா, கதவத் தெறங்க."

ஏறி உட்கார்ந்துவிட்டாள். கல்யாணப் பெண்ணைக் காரிலிருந்து இழுத்து இறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? காளியண்ணன் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, பின்னால் முட்டைக்கோஸ் லோரிகள் வரிசை கட்ட, நடப்பவனும் முந்திவிடும் வேகத்தில் ரிங்லெட் கோயிலுக்கு ஓட்டினார். பிறகு அந்தச் சிவப்பை அவர் அழிக்கவே இல்லை. 'கண்ணு செவந்தும் எங்காருதான் வேணும்னு ஏறுச்சு அந்தப் புள்ள' என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்பத்தாறில் திருவிழாவுக்கு வந்திருந்த ஜெயாக்காவிடம், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு காளியண்ணனின் இந்தப் பெருமையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணம் கூடுவதற்கு முன்னால் ராஜு, அவள் வீட்டாருக்குத் தெரியாமல் அவளிடமே வந்து, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறான். அவள் மாட்டேன் என்றிருக்கிறாள்.

"கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு அவன் ஓட்ட, நான் பின்னால உக்காந்து தாலி கட்டிக்கப் போவணுமா? மாமா காருல வெளக்கே இல்லாட்டியும் ஏறியிருப்பேன் தம்பி."