விப்பமோ, வச்சிருப்பமோ

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது ஒரு காலையில், கார் கழுவிக்கொண்டிருக்கும்போது. வாளி கவிழ்ந்த சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். முன் ரயரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். கையில் துணி அப்படியே இருந்தது. எழும்பப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஆனால் வலது பக்கம் அவர் சொல்லைக் கேட்கவில்லை. அன்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே காரில்தான். பக்கத்து வளவுக்காரர் ஓட்டினார். நான் பின் சீற்றில் அவருடைய தலையை மடியில் ஏந்திக்கொண்டிருந்தேன்.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது, ஒரேயொரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் ‘ஆமா’.

அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டமொன்றிலிருந்து விசுவமடுவுக்கு வந்தவர்கள். என்னுடைய ஆட்கள் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் என்னோடு எங்கள் ஆட்களைப்போல ‘ஓம்’ என்றுதான் கதைத்தார். ‘ஆமா’ தாயோடும் சகோதரங்களோடும் மட்டும். இருந்த எல்லாச் சொல்லும் அழிந்தபோது அது எப்படி மிஞ்சியது என்று எனக்கு விளங்கவில்லை. டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“நாங்கள் கதைக்கிறது அவருக்குக் கொஞ்சம் விளங்கும் அம்மா. ஆனா ஓம், இல்லை எண்டு பிரிச்சுச் சொல்ல அவரால ஏலாது. ஆமா எண்டு சொன்னா ஓம் எண்டு எடுத்துப்போடாதேங்கோ.”

யுத்தம் முடிந்து மீளக் குடியேறி வந்த காலத்தில் அவர் வாங்கிய கார் அது. அப்போதே பழையது. இந்தப் பக்கத்தில் அவர் அதில் ஓடாத ஓட்டம் இல்லை. கலியாணத்துக்கு, பிள்ளைப்பேற்றுக்கு, விமான நிலையத்துக்கு, செத்தவீட்டுக்கு என்று ஊருக்கே அது பொதுக் காராக இருந்தது. அவர் விழுந்த நேரம் காரும் கிட்டத்தட்ட அவருடைய நிலையில்தான் இருந்தது. தரைத்தகடு கறள் பிடித்து ஓட்டையாகி, பின்னால் காலை வைக்கிற இடத்தில் றோட்டுத் தெரியும். அதன் மேல் ஒரு பலகைத் துண்டைப் போட்டு மூடியிருந்தார். ஓட்டுகிறவரின் கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம். கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறந்துதான் இறங்குவார். அவருக்கு அதெல்லாம் ஒரு குறையே இல்லை.

கிழமைக்கு ஒருமுறை கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்குக் கூட்டிவரச் சொன்னார்கள். பஸ் படி ஏற அவரால் முடியாது. ஓட்டோவில் ஏற்றிப் பார்த்தோம். மடங்காத கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ஒரு பள்ளத்தில் சரிந்து விழப் பார்த்தார். வாடகை வானுக்கு ஒவ்வொரு கிழமையும் காசு கொடுக்க எங்களுக்குக் கட்டாது. காரின் முன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் மட்டும் அவர் வலியில்லாமல் இருந்தார். ஒரே பிள்ளை மகள், கலியாணம் முடித்துக் கனடாவில் இருக்கிறாள். ஆகவே, நடத்திக்கொண்டிருந்த முன்பள்ளியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஐம்பது வயது தாண்டிய பிறகு நான் கார் ஓட்டப் பழகினேன்.

பழக்கிய கார் புதியது. தொட்டால் ஓடும். எங்களுடையது அப்படியல்ல. மூன்றாவது கியர் விழாது, விழுந்தால் நிற்காது. இடையில் ஏதோ அரைபடுகிற சத்தம் வரும், பிறகு போய்விடும். சத்தம் வரும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கிற என் கணவரின் முகம் மாறும். இடது கையால் முன் தட்டில் அடிப்பார்.

“ஆமா. ஆமா. ஆமா.”

“என்ன, கியரை மாத்தவோ?”

“ஆமா.”

“பிறேக்கோ? நிப்பாட்டவோ?”

“ஆமா.”

காரில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ வருடம் அதைக் காதால் கேட்டே ஓட்டியவர். தெரிந்த அவருக்கு வாய் இல்லை. வாயும் கையும் காலும் உள்ள எனக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் நாங்கள் இருவரும் பரந்தன் றோட்டில் இப்படித்தான் போய் வந்தோம். போய்ச் சேரும்போது அவருடைய கண் கலங்கியிருக்கும். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

பரந்தனில் அவருக்குத் தெரிந்த கராஜ் ஒன்று இருந்தது. கராஜ்காரர் ஜாக் வைத்துக் காரை உயர்த்தி அடியில் பார்த்துவிட்டு வந்து கையைத் துடைத்தார்.

“ரீச்சர், இதுக்கு மேல இதில ஒண்டும் செய்யாதேங்கோ. ஒரு பக்கம் ஒட்ட மற்றப் பக்கம் உடையும். சாமானும் இப்ப வாறேல்ல. அண்ணை நல்லா இருந்தா அவர் ஒருமாதிரி ஓடியிருப்பார். உங்களுக்கு இது ஆபத்து.”

“அப்ப நான் என்ன தம்பி செய்யிறது?”

அவர் காருக்குள் இருந்த என் கணவரைப் பார்த்தார். பிறகு குனிந்து ஜாக்கை இறக்கத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் மகளிடம் போனில் சொன்னேன்.

“வித்துப்போடுங்கோ அம்மா,” என்றாள். “எங்கேயும் நடுறோட்டில நிண்டா அப்பாவை வச்சுக்கொண்டு என்ன செய்வீங்கள்?”

“வித்தா எதில கொண்டுபோறது?”

“அப்பாட்டக் கேட்டுப் பாருங்கோ,” என்றாள்.

கேட்டேன். அது அவருடைய கார். அவருக்குத் தெரியாமல் நான் ஒரு முடிவு எடுக்கக் கூடாது என்றுதான் எனக்கும் இருந்தது. கதிரையை அவருக்கு முன்னால் இழுத்துப் போட்டு இருந்தேன்.

“இஞ்சேருங்கோ, காரை விப்பமோ?”

“ஆமா.”

“இல்லாட்டி வச்சிருப்பமோ?”

“ஆமா.”

“விக்க வேண்டாமோ?”

“ஆமா,” என்றார், இன்னும் அழுத்தமாக. இடது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஏதோ சொல்கிறார். என் முகத்தைப் பார்த்து, நான் அதைப் பிடித்துவிட்டேனா என்று தேடுகிறார். வெண்கட்டியை எடுத்துச் சீமெந்து நிலத்தில் இரண்டு படம் கீறினேன், முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கீறுவதுபோல. ஒன்றில் எங்கள் வீடும் காரும். மற்றதில் காரை ஒரு லொறி ஏற்றிக்கொண்டு போகிறது. “எது? கையால காட்டுங்கோ,” என்றேன். வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு அழத் தொடங்கினார். வாய் கோணி, சத்தம் இல்லாமல். ஈரத் துணியால் இரண்டு படத்தையும் துடைத்தேன். அதற்குப் பிறகு படம் கீறிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு எடுக்காமலே இன்னும் சில கிழமைகள் ஓடின. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டு புறப்படுவேன்.

அறுவடை முடிந்திருந்த நேரம். ஆஸ்பத்திரிக் கிளினிக் முடிந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். பரந்தன் சந்தி திரும்பியதிலிருந்து அவர் அடிக்கத் தொடங்கினார். “ஆமா, ஆமா,” என்று விடாமல் முன் தட்டில் அடித்தார். கியரைக் குறைத்தேன், அடி நிற்கவில்லை. மெதுவாக ஓடினேன், நிற்கவில்லை. உச்சி வெயில். எனக்கும் பொறுமை போய்விட்டது.

“என்னப்பா வேணும் உங்களுக்கு? என்னெண்டு சொல்லுங்கோவன்!” என்று கத்தினேன்.

சொல்ல முடியாத மனிதரிடம் அதைக் கேட்டேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்தார். முரசுமோட்டைக்குக் கிட்ட முன் மூடிக்குள்ளிருந்து வெள்ளையாகப் புகை எழும்பியது. கார் இரண்டு தரம் குலுங்கி நின்றது. இயந்திரம் கொதிக்கிறது என்பதைத்தான் இவ்வளவு தூரமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

நிழல் இல்லாத இடம். இரண்டு பக்கமும் அரிவு வெட்டிய வயல். றோட்டின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். அவரை இறக்கவும் முடியாது, இறக்கினாலும் இருத்த இடமில்லை. கையைக் காட்டினேன். போன வாகனங்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவர் இடது கையால் வயிற்றின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்து என்னைப் பார்த்தார். அது மட்டும் எனக்குச் சொல் இல்லாமலே விளங்கியது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நான் போத்தல் எதுவும் கொண்டுவரவில்லை. அவசரமாகப் போய் அவரைத் தூக்கப் பார்த்தேன். அதற்குள் சீற் நனைந்துவிட்டது.

நெல் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் இதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். நெல் மூடுகிற படங்கு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். கதவோரம் அதை மறைப்பாகப் பிடித்து, முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

“அக்கா, ஆறுதலா மாத்துங்கோ. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

என் பையில் இருந்த துவாயை என் கணவருக்குச் சுற்றினேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அந்தப் பெண்ணின் கணவர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து கயிறு கட்டினார். “நீங்கள் ஸ்ரியறிங்கைப் பிடியுங்கோ, நான் பரந்தன் கராஜ் மட்டும் மெல்லமா இழுக்கிறன்,” என்றார்.

கயிற்றில் இழுபடுகிற காரை நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. இயந்திரம் ஓடாதபோது பிறேக் கல்லாக இருந்தது. முன்னால் இழுப்பவர் வேகம் குறைக்கும்போது கயிறு தளர்ந்து, கார் போய் உழவு இயந்திரத்தில் முட்டப் பார்த்தது. மறுபடி இழுக்கும்போது வெட்டி இழுத்தது. அப்போது என் கணவர் உடம்பைச் சரித்து, இடது கையைக் குறுக்கே நீட்டி, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஹான்ட் பிறேக்கைப் பிடித்தார். கயிறு தளரப்போகும்போது கொஞ்சம் இழுத்தார். இறுகும்போது விட்டார். பரந்தன் வரைக்கும் அப்படியே வந்தார். கார் ஒருமுறைகூடக் குலுங்கவில்லை. நான் வெறுமனே ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்த்தால் அழுதுவிடுவேன் என்று.

கராஜ்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இயந்திரம் கொதித்து வெடிப்பு விழுந்திருந்தது, இனித் திருத்த முடியாது. எங்களை வீட்டுக்குக் கொண்டுபோக அவரே ஒரு வானைக் கூப்பிட்டுத் தந்தார். வானில் ஏற்ற முன்னர், காருக்குள் வைத்தே கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

“இஞ்சேருங்கோ, இதைக் குடுத்துவிடுவமோ?”

அவர் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா,” என்றார்.

நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன். டொக்டர் சொன்னது நினைவில் இருந்தது. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

மறுநாள் காலையே நெளுக்குளத்திலிருந்து பழைய காரை உடைத்துச் சாமான் விற்கிற ஒருவர் லொறியோடு வந்தார். நான் மட்டும் பரந்தனுக்குப் போனேன். ஏற்றுவதற்கு முன் அவர் சீற்றைத் தட்டிப் பார்த்து, “ஏன் இது ஈரமாக் கிடக்குது?” என்று கேட்டார். தண்ணீர் ஊற்றுண்டதென்று சொன்னேன். அவர்கள் காரைச் சங்கிலி போட்டு இழுத்து ஏற்றுவதை முழுதாகப் பார்க்காமல் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து அவரிடம், “குடுத்தாச்சு,” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஒரு சொல்லைக்கூட.

கிளினிக்குக்குப் போவது மாதத்துக்கு ஒன்று என்றாகிவிட்டது. வான் கிடைக்காத மாதத்தில் அதுவும் இல்லை. போன முறை போனபோது பயிற்சி கொடுக்கிற பிள்ளை அவருடைய காலை மடக்கிப் பார்த்துவிட்டு, “ஐயாவை ஏன் ஒழுங்காக் கூட்டிக்கொண்டு வாறேல்ல? கால் இறுகிப்போச்சு,” என்றாள். கார் இல்லை என்றேன். அவள் மறுபடி காலைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் காலையும் மாலையும் நானே மடக்கி நீட்டிவிடுகிறேன். சரியாகச் செய்கிறேனா, அவருக்கு நோகிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். ஆகவே முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். இந்த மாதக் கிளினிக் நாளில் தனக்குக் கலியாண ஓட்டம் ஒன்று இருப்பதாக வான்காரர் நேற்றுப் போன் எடுத்தார். தருமபுரத்தில் வேறு ஒருவர் வான் வைத்திருக்கிறாராம். விசாரிக்க வேண்டும்.