வெள்ளச்சி கிழிச்ச துண்டும் ஜமால் டாக்டரும்

பெரிய பேரன் சென்னையில இன்ஜினியர். சின்னவன் குரூப் ஃபோர் முதல் தடவையிலேயே பாஸ். பேத்தி மாட்டு டாக்டருக்குப் படிச்சு முடிச்சு, நேத்துதான் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு.

இதை ஃபேஸ்புக்ல போடலாம்னுதான் காலையில போனை எடுத்தேன்... ஜமால் டாக்டர் இறந்துட்டார்னு அவர் மகன் துபாயிலேர்ந்து போட்டிருந்தார்.

அதை விட்டுட்டு இவரைப் பத்தி எழுதுறேன்.

உங்கள்ல பல பேருக்கு அவரைத் தெரியாது. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி பாபநாசம் பக்கத்துல எங்க ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டர். அப்ப சின்ன வயசு, மீசை கூட சரியா வளரல.

குடியிருக்கிற மனை குடியிருக்கிறவங்களுக்கேன்னு சட்டம் வந்த நேரம் அது. பட்டா கைக்கு வர்றதுக்குள்ள எங்களைக் கிளப்பிடணும்னு பண்ணையில துடிச்சாங்க. பண்ணைக் கணக்கு வழக்கைப் பார்க்கிற காரியக்காரர் சங்கிலியோட எங்க கொல்லையை அளக்க வந்தார்.

அங்க வைக்கோல் போருக்கு அடியில எங்க நாய் வெள்ளச்சி குட்டி போட்டு நாலு நாள். பாய்ஞ்சு அவர் கெண்டைக்காலைக் கவ்விட்டா.

நாயை ஏவிவிட்டான்னு எங்க வீட்டுக்காரர் மேல புகார். அவரை உள்ள தள்ளிட்டா மறுநாளே குடிசையைப் பிரிச்சுடுவாங்க... அந்த மாசத்துல ரெண்டு வீடு அப்படித்தான் போச்சு. எனக்கு அப்ப வயித்துல ஆறு மாசம்.

ஏட்டையா டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்தார், காரியக்காரரும் கட்டுப்போட்ட காலோட கூடவே. தெருவே கூடிடுச்சு.

"வெறிநாய்னு எழுதுங்க சார், இல்ல ஏவிவிட்ட நாய்னு எழுதுங்க" அப்படின்னார் காரியக்காரர்.

"வெறின்னு எழுதினா உங்களுக்குத் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. போட்டுக்குறீங்களா?"

அவர் கட்டுப்போட்ட காலைப் பின்னால இழுத்துக்கிட்டார்.

டாக்டர் எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க 'பிடி'ன்னு சொல்லுங்க" அப்படின்னார். அவ பாய்ஞ்சுட்டா ஏவிவிட்டது நிஜம்னு ஆயிடுமே. இவர் சொன்னார், ஒரு தடவைக்கு மூணு தடவை. வெள்ளச்சி அசையல, குட்டியை நக்கிக்கிட்டே கிடந்தா.

அப்புறம் காரியக்காரர் தோள்ல கிடந்த துண்டைக் கேட்டு வாங்கி, எங்க வீட்டுக்காரர் கையில கொடுத்து, "கிட்ட கொண்டுபோங்க, பேசாதீங்க" அப்படின்னார்.

பத்தடி தூரத்துலயே அவளுக்கு முதுகு மயிர் எழுந்துச்சு. உறுமினா... ஒரே பாய்ச்சல். துண்டு நார் நாராப் போச்சு.

அதைப் பிடிச்சிருந்த கையில ஒரு பல் படல.

"உங்க பங்களாவுல ஆண் நாய் ரெண்டு இருக்குல்ல? அதுங்க வாடை உங்க துணியில இருக்கு. குட்டி போட்டவளுக்கு ரத்தத்துல ஒரு சுரப்பு ஊறும். பால் ஊற வைக்கிறதும் அதான், அசலூர் ஆண் நாய் வாடை பட்டா கடிக்க வைக்கிறதும் அதான். எவனும் ஏவ வேண்டியதில்ல."

"நாய்க்கு வக்காலத்து வாங்கத்தான் சர்க்கார் சம்பளம் தருதா சார்?"

"ஆமாங்க. மாட்டுக்கும் நாய்க்கும்தான் தருது. பண்ணைக்கு இல்ல."

அங்கேயே நின்னுகிட்டு எழுதிக் கொடுத்தார். புகார் நிக்கல.

பேத்திகிட்ட ஒரு தடவை இதைச் சொன்னேன். "ஹார்மோன் ஆத்தா, ஒண்ணு இல்ல, அதுல நாலஞ்சு இருக்கு" அப்படின்னா. இருக்கட்டும், எனக்கு ஜமால் டாக்டர் சொன்னதே போதும்.

மூணு மாசம் கழிச்சு காரியக்காரர் திரும்பவும் எங்க தெருவுக்கு வந்தார். குட்டியெல்லாம் பால் மறந்தாச்சு. வெள்ளச்சி அவர் காலைச் சுத்திச் சுத்தி வாலாட்டினா... எனக்கு வந்த ஆத்திரத்துக்கு விளக்கமாறை எடுத்துட்டேன்.

மாட்டுக்கு மருந்து கொடுக்க வந்த டாக்டர் தடுத்தார். "அடிக்காதம்மா, அவளுக்குச் சுரப்பு வத்திடுச்சு. இனிமே வாசலை நீங்கதான் பார்த்துக்கணும்."

பார்த்துக்கிட்டோம். பட்டா வர்ற வரைக்கும் தெருப் பொம்பளைங்க முறை போட்டு உட்கார்ந்தோம், கையில கருக்கரிவாளோட.

பட்டா வந்தப்ப டாக்டர் ஊர்ல இல்ல. அவரை எங்கேயோ ராமநாதபுரம் பக்கம் தூக்கி அடிச்சுட்டாங்க. அது எங்களாலதான்னு எல்லாருக்கும் தெரியும். போகும்போது எங்களைக் குறையா ஒரு வார்த்தை சொல்லல அவர்.

அந்த மனையில இன்னைக்கு மாடி வீடு. அதுல உட்கார்ந்துதான் எழுதுறேன்.

துபாய்ல இருக்கிற தம்பி, நீங்க போட்டிருக்கிற போட்டோ ஆஸ்பத்திரிப் படுக்கையில எடுத்தது, எனக்கு அவரை அடையாளம் தெரியல. நல்லா நிமிர்ந்து நிக்கிற மாதிரி வேற போட்டோ இருந்தா போடுங்கப்பா. எங்க வீட்டுக் கூடத்துல மாட்டணும்.

போயிட்டு வாங்க டாக்டர்.