மாமியின் தேனும் தங்கச்சியின் பல்லும்

தங்கச்சிக்கு முதல் பல் முளைத்த கிழமை, ஐந்து வயதுக்காரியான என்னை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? அவளுடைய கீழ் முரசில் குறுணி அரிசி போல வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நேற்றுவரை வெறும் சதையாக இருந்த இடம்! இது எந்த வழியால் வந்தது? கடவுளே, அப்படியொரு அதிசயத்தை அதற்குப் பிறகு நான் கண்டதேயில்லை.

அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பல் பார்க்கும் மிஸ்ஸி, இன்றைக்கே பிரஷ்ஷால் பல்லைத் தீட்டத் தொடங்கவேண்டும், இனிப்பில் தோய்த்து எதையும் சூப்பக் கொடுக்கக் கூடாது, பால் போத்தலோடு தூங்கவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் வாயைக் கண்டதும் நிறுத்தினார். என் மேல் முன்பற்கள் கறுத்துத் தேய்ந்து, முரசோடு முரசாகக் கிடந்தன. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த ஒற்றைப் பல்லுக்கென்று தனியாக ஒரு குட்டிப் பிரஷ். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

முதல் பல்லுக்குச் செய்கிற பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குக்கு நாள் வைத்தார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, வாகரையிலிருந்து ஒரு போத்தல் தேனோடு வந்து இறங்கினார். மாமி வந்தால் அப்பாவே கதிரையை விட்டு எழும்பிவிடுவார். அம்மாவோ அவர் முகத்தைப் பார்த்துக் கதைத்ததே இல்லை. தேங்காய்ச் சொட்டைப் பல்லாகச் செருகிய கொழுக்கட்டைகளைத் தங்கச்சியின் தலையில் கொட்டினார்கள். அவள் வீரிட்டு அழுதாள். மாமி உடனே ரப்பர் சூப்பியைத் தேனில் தோய்த்து அவள் வாய்க்குக் கொண்டுபோனார்.

அம்மா அந்தக் கையை எட்டிப் பிடித்தார்.

“வேணாம் மச்சாள்.”

வந்திருந்த சனமெல்லாம் எங்கள் பக்கம் திரும்பியது.

“என்ன புள்ள, தேன் என்ன நஞ்சா? உன்ட மூத்தவள் இதச் சூப்பித்தானே வளந்தாள்?” என்றார் மாமி.

“ஓம் மச்சாள். அழாம கிடக்கட்டுமெண்டு நான்தான் ஒவ்வொரு நாளும் குடுத்தன். இஞ்ச வந்து பாருங்க.”

சொன்ன கையோடு என்னை இழுத்து, எல்லோருக்கும் தெரிய என் மேலுதட்டைத் தூக்கினார். மாமி குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சூப்பியைத் தட்டில் வைத்தார்.

எனக்கென்றால் பெருமை தாங்கவில்லை. மாமியையே வாயடைக்கப் பண்ணிய பற்கள் அல்லவா! பின்னால் நின்றவர்களுக்கும் தெரியட்டுமென்று ஆவென்று திறந்து காட்டினேன். அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். என் அம்மாவா இது! அவ்வளவு பெரிய ஆளாக அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை.

இத்தனை துணிச்சல் உள்ளவரின் விரல்கள் என் உதட்டில் ஏன் அப்படி நடுங்கிக்கொண்டிருந்தன என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.