தோல் கட்டுகளுக்குப் பின்னால்

ஆம்பூரில் எனக்குச் சொந்தமான தையல் கூடத்தில், நானே வாங்கி அடுக்கிய தோல் கட்டுகளுக்குப் பின்னால், ஒரு நாள் காலை ஒளிந்துகொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது.

நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவள். அங்கே ஒரு காலணி நிறுவனத்தில் சரக்கு வாங்கும் பிரிவில் இருந்தேன். தோலின் தரம் பார்க்க அடிக்கடி ஆம்பூருக்கு வருவேன். நிறுவனத்தை மூடியபோது எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இங்கேதான் இருந்தது. வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு, ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்கினேன். இருபத்திரண்டு பெண்கள் தைத்தார்கள். "பசியாறிட்டீங்களா?" என்று நான் எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டால் மேசைக்கு மேசை சிரிப்பார்கள். புதிதாகச் சேருகிறவள், "சிலோனா மேடம் நீங்க?" என்பாள். முகமும் பேச்சும் தமிழ்தான் என்பதால் நான் வெளிநாட்டுக்காரி என்பதை எல்லாரும் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். எனக்குத்தான் மறக்காது.

அந்த வருடம் காட்பாடியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து ஆம்பூருக்கே குடிவந்தேன். வீடு மாறினால் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிந்தும், ஒரு பெரிய ஆர்டரின் அவசரத்தில் விட்டுவிட்டேன். நினைவு வந்தபோது இரண்டு மாதம் கடந்திருந்தது. விசா நீட்டிப்பு விண்ணப்பமும் பழைய முகவரியோடு போயிருந்தது.

அன்றிலிருந்து பயம் என்னோடு குடியிருந்தது. பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைப்பேன், பிறகு பீரோவில், பிறகு மறுபடி கைப்பையில். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

அந்தக் காலையில் சூப்பர்வைசர் அக்கா என் அறைக்கு வந்தார். "மேடம், ரெண்டு பேர் வந்துக்கிறாங்க. கையில ஃபைலு. மலேசியாக்காரம்மா யாருன்னு கேக்குறாங்க."

எழுந்து போய் வணக்கம் சொல்லத்தான் நினைத்தேன். கால் சரக்கு அறைப் பக்கம் திரும்பியது. "நான் இல்லன்னு சொல்லிடுங்கக்கா" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போனார்.

கட்டுகளின் பின்னால் குந்தி உட்கார்ந்தேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தடுப்பு.

"மேடம் ஊருக்குப் போய்ட்டாங்க சார்."

"எந்த ஊருக்கு?"

"அவங்க ஊருக்குத்தான்."

நான் நாட்டை விட்டுப் போகவில்லை என்பதை அவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ காகிதத்தைப் புரட்டுவது கேட்டது. பிறகு ஜீப் கிளம்பியது.

வெளியே வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அக்கா நேரே என்னிடம் வந்தார்.

"நான் சொன்னத எழுதி, என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கினாங்க மேடம். எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல? ரெண்டு பொண்ணு கீது எனக்கு."

பங்காளிக்குப் போன் செய்தேன். "எதுக்கு மேடம் பேஜாரு? கொஞ்ச நாளைக்கு எல்லாத்தையும் என் பேர்ல மாத்திடலாம். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மெதுவாக, அன்பாகத்தான் சொன்னார். அதைக் கேட்டதும் பயம் இரண்டு மடங்கானது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

யோசிக்க அவகாசம் இல்லை. என் பொய்யில் இன்னொருத்தியின் கையெழுத்து இருந்தது. மதியமே வேலூரில் இருக்கும் அந்தப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். "நானும் வர்றேன். கையெழுத்து போட்டது நான்தானே" என்று அக்காவும் பஸ் ஏறினார்.

அலுவலகத்தில் இருந்தவர் ஒரு பெண் அதிகாரி. வீடு மாறியதைச் சொன்னேன். பிறகு, "அவங்க வந்தப்ப நான் உள்ளேதான் இருந்தேன். ஒளிஞ்சிக்கிட்டேன்" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா?"

"பயம்."

"விசா நீட்டிப்புக்கு வழக்கமா பண்ற விசாரணைதாம்மா. பழைய வீட்ல நீங்க இல்ல, அதான் கம்பெனிக்கு வந்தாங்க. இப்ப ஒரு தப்பு ரெண்டாயிடுச்சு." அக்காவின் பக்கம் திரும்பினார். "நடந்தத நீ வேற தாள்ல எழுதிக் குடு. உனக்கு ஒண்ணும் வராது." என்னிடம், "உங்க விளக்கம் மேல போகும். முடிவு என் கையில இல்ல. உள்ளூர் ஆள் ஒருத்தர் உங்களுக்காகக் கையெழுத்து போடணும்" என்றார்.

அக்காவை இன்னொரு கையெழுத்துக்கு இழுக்க மனமில்லை; கேட்க வேறு ஒருவர்தான் இருந்தார். வாணியம்பாடியிலிருந்து பங்காளி தானே காரோட்டி வந்து, நீட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது கேட்டார்: "என் பேர்ல மாத்தலாம்னு சொன்னதும் பயந்துட்டீங்க, இல்ல?"

"ஆமா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "டீ குடிக்கலாம் வாங்க" என்றார்.

பதில் வர ஏழு வாரம் ஆனது. எந்த நாளும் என்னைக் கிளம்பச் சொல்லலாம் என்பதால், யாரிடம் தோல் வாங்குவது, எந்தத் தோலைத் திருப்பி அனுப்புவது என்று அத்தனையும் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். அந்த நோட்டு நிரம்ப நிரம்ப என் கலக்கமும் கூடியது.

கடைசியில் எச்சரிக்கைக் கடிதத்தோடு நீட்டிப்பு வந்தது. அக்காவிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"ஒரு வருஷந்தானா மேடம்?" என்றார்.

"ஒரு வருஷம்தான்க்கா."

காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அன்றைய சரக்கு ஏற்ற வந்த வண்டிக்குக் கதவைத் திறக்கப் போனார். வாசலில் அந்த வண்டி நின்ற சத்தத்துக்கே எனக்கு ஒரு தடவை தூக்கிவாரிப் போட்டது. இப்போதும் அப்படித்தான் போடுகிறது.