இலக்கின் நீளம்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு கல்லூரியின் கணிப்பொறி அறையில் எனக்கு வேலை. கப்பல் பீரங்கி நூறு குண்டு சுட்டால் எத்தனை இலக்கில் விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். கடற்படைக்காக எங்கள் பேராசிரியர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி அது. நானோ அதுவரை கடலையே பார்த்ததில்லை. ஸ்ரீரங்கத்துக்காரிக்குத் தண்ணீர் என்றால் காவேரி, விட்டால் கொள்ளிடம்.

அதனால் கப்பலை பஸ்ஸில் வைத்துத்தான் கற்பனை செய்தேன். காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியதும், பென்சிலை ஜன்னல் கம்பியில் வைத்து மலைக்கோட்டை உச்சியைக் குறிபார்ப்பேன். பஸ் குலுங்கும், பென்சில் முனை கோயிலை விட்டு வானத்துக்குப் போய்விடும். குலுக்கல் கூடினால் குண்டு தவறும், அவ்வளவுதான் என் கணக்கின் சாரம். பார்த்துக்கொண்டே இருந்தால் பாலம் மறைந்து, ஆறு அகன்று அகன்று கரையில்லாமல் போகும். கண்டக்டர் டிக்கெட் கேட்பது எங்கோ தூரத்தில் கேட்கும். பிள்ளையாரைச் சுடுகிறோமே என்றுகூட உறைக்காது.

என் தம்பி அப்போது கடற்படையில் இருந்தான். அவன் கப்பலில் இருந்ததும் அந்த வகைப் பீரங்கிதான். நூற்றுக்கு எத்தனை விழும் என்ற அந்த எண் ஏற ஏற அவன் பத்திரம் என்று நம்பினேன். எவ்வளவு தூரத்தில் சுட ஆரம்பிப்பது, எப்படித் திருத்திச் சுடுவது என்று துளை போட்ட அட்டைகளை மாற்றி மாற்றி இயந்திரத்துக்குக் கொடுத்தேன். எண் கொஞ்சம் ஏறினாலும் அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவாது.

மாசியில் அவன் லீவில் வந்தான். சோறு போடும்போது, உன் கப்பல் எவ்வளவு பெரியது என்று கேட்டேன். புதிதாகச் சேர்கிறவர்களை மனப்பாடம் செய்ய வைப்பார்களாம்.

"நீளம் நூத்திப் பதினோரு மீட்டர், அகலம் பதிமூணு," என்று ஒப்பித்தான். "மோர் ஊத்துக்கா."

மோர்க் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஒரு வருஷமாக என் முதல் அட்டையில் இருந்த இலக்கின் அளவு அதுதான்.

மறுநாள் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எதிரிக் கப்பலோட அளவை யாரும்மா குடுப்பாங்க? கையில நம்ம கப்பலோடது இருந்துச்சு, போட்டோம்."

அதில் தப்பொன்றும் இல்லை. இலக்குக்கு ஏதோ ஒரு அளவு வேண்டுமே. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாரமே அறிக்கை போக வேண்டும். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அட்டைகளை வைத்துவிட்டு, எங்கேயாவது தப்புச் செய்திருக்க வேண்டும், எண் இறங்க வேண்டும் என்று ரங்கநாதரை வேண்டிக்கொண்டு நின்றேன். எண் இறங்கவில்லை. அதையே எழுதிக் கொடுத்தேன்.

லீவு முடிந்து அவனை ஜங்ஷனில் ரயிலேற்றப் போனோம். பாலத்தில் பஸ் குலுங்கியது. எனக்கு முன் சீட்டில், ஜன்னலோரம், ஒட்ட வெட்டிய அவன் தலை. இன்னும் நன்றாகக் குலுங்கட்டும் என்றிருந்தது எனக்கு.