வேலாயுதத்தின் மடியைச் சோதித்த டாக்டர் அருளப்பன்

டாக்டர் அருளப்பன் இறந்த செய்தி வந்தபோது நான் மதுரையில், எக்ஸ்ரே இருட்டறைக்குள் இருந்தேன். “சார், விருதுநகர்ல உங்க டாக்டர் போயிட்டாகளாம். நெஞ்சுவலியாம்” என்று கதவுக்கு வெளியே நின்று கம்பவுண்டர் சொன்னார். படம் தொட்டியில் கிடந்தது. கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடும். கழுவி முடித்துத்தான் வெளியே வந்தேன்.

அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய கைராசியைப் பேசுவீர்கள். நான் அவர்மேல் பட்ட பொறாமையைத்தான் எழுத முடியும். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் அவர் கிளினிக்கில் உட்கார்ந்து வாதாடுவேன். பெரும்பாலும் தோற்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு. தீபாவளி சீசன். எம். புதுப்பட்டிப் பட்டாசு முதலாளி ஒருவர், தன்னிடம் வெடிமருந்து கலக்கும் இரண்டு பேரைக் காரில் கூட்டி வந்தார். நோயாளி சங்கரலிங்கம். பெற்ற மகனையே “ஏலே, நீ யாரு மகன்?” என்று கேட்கிறார். வேலாயுதம் துணைக்கு வந்தவர்.

மருந்து ரூமுக்குள் செருப்போடு யாரும் போவதில்லை. தீப்பெட்டி, பீடி இல்லையென்று வாசலில் மடியை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சங்கரலிங்கம் கிளினிக் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். மடியை அவிழ்த்து உதறினார். வேலாயுதம் செருப்போடு உள்ளே வந்து, டாக்டர் மேசையில் இருந்த வாழைப்பழத்தை உரித்துத் தின்றார்.

“மருந்து ரூமுக்கு என்ன சட்டம், அண்ணாச்சி?” என்று டாக்டர் அவரைக் கேட்டார். வேலாயுதம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். நாங்கள் சிரித்தோம். டாக்டர் சிரிக்கவில்லை.

“முதலாளி, ரெண்டு பேருமே அந்த ரூமுக்கு வேண்டாம். இவர் முக்கியமா வேண்டாம்.”

“இவனுக்கு என்ன? அம்புட்டும் ஞாபகம் வச்சிருக்கானே.”

“ஞாபகம் இருக்கு. தன்னை நிறுத்திக்கிடத்தான் முடியலை. மூளை எல்லாருக்கும் ஒரே இடத்துல சுருங்காது.”

எனக்குப் பொறுக்கவில்லை. “படம் எடுக்காம எப்படிச் சொல்றீக?” என்றேன்.

“எடுங்க, தம்பி. படம் வார வரைக்கும் வெடிமருந்து பொறுத்துக்கிடாதே.” அந்தத் ‘தம்பி’ இன்னும் உறுத்துகிறது.

“ஆர்டர் கழுத்தை நெரிக்குது, டாக்டர். கலக்குறதுல இவன் கைதான் கை” என்றார் முதலாளி.

டாக்டர் வேலாயுதத்தின் மடியை அவிழ்க்கச் சொன்னார். பீடிக்கட்டும் தீப்பெட்டியும் விழுந்தன.

“காலையில ரூமுக்குப் போனீகளா?”

“போனேன்.”

“இது அப்பவும் மடியில இருந்துச்சா?”

“இருந்துச்சு” என்று வேலாயுதம் சிரித்தார்.

கம்பெனி வாசலில் எல்லார் மடியையும் சோதிப்பவரே வேலாயுதம்தான். அவர் மடியை யாரும் பார்ப்பதில்லை. மறுநாளிலிருந்து இருவரும் அந்த ரூமுக்குள் போகவில்லை.

பிறகு மதுரையில் படம் எடுத்தேன். வெறும் எக்ஸ்ரேயில் மூளை தெரியாது. முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்துக் காற்றை விடுவார்கள். மூளை சுருங்கி விட்ட இடத்தில் காற்று ஏறிக் கறுப்பாகத் தெரியும். வேலாயுதத்துக்கு நெற்றிக்குப் பின்னால் கறுப்பு விரிந்து கிடந்தது. பின்பக்கம் அநேகமாகச் சரியாக இருந்தது. சங்கரலிங்கத்துக்கு நெற்றிப்பக்கம் அவ்வளவு மோசமில்லை. காதுக்கு உள்பக்கமும் பின்னாலும்தான் சுருக்கம். அவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்து இதைப் படத்தில் பிடித்தவன் நான். ஊர் புகழ்ந்தது டாக்டரை.

வேலாயுதத்தின் மனைவி, புருஷன் கண்ட இடத்தில் மானத்தை வாங்குகிறார் என்று, அவரை விட்டுப் பிறந்த வீட்டுக்குப் போகக் கிளம்பியிருந்தார். டாக்டர் படத்தை ஜன்னலில் தூக்கிக் காட்டினார். “திமிர்ல செய்யலை, தாயி. நிறுத்துற இடம் தேஞ்சுபோச்சு. படம் எடுத்தது இவர்தான்.” அந்த அம்மாள் அழுதார். கும்பிட்டது டாக்டரை. என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் பிறந்த வீட்டுக்கும் போகவில்லை.

இப்போது யாராவது நோயாளியை என் அறைக்குள் கூட்டி வந்தால், மெஷின் பக்கம் போகாமல் வாசலிலேயே நிற்கிறேன். செருப்பை என்ன செய்கிறார், கை எங்கே போகிறது என்று பார்க்கிறேன். டாக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். சில நாள் படம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அப்போதெல்லாம், இதையும் அவர்தான் முதலில் பார்த்தார் என்று எரிச்சலாக வருகிறது. அதைச் சொல்லி வாதாட ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆளில்லை.